சிவப்புக் கோடு இயக்கம்

மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கி உட்கொள்ளும் வழக்கத்தைக் குறைக்க, இந்திய சுகாதார அமைச்சகம் 2016 பிப்ரவரியில் தொடங்கிய விழிப்புணர்வு இயக்கம். மாத்திரை அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால் சீட்டின்றி அதை வாங்கக் கூடாது என்பதே அதன் செய்தி. எழுத்தறியாதவருக்கும் புரியும் என்பது அதன் பலம்.

இயக்கத்தின் வேர் 2010இல் இருக்கிறது. கார்பபீனம் போன்ற கடைசிக்கட்ட மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 நொதி பாக்டீரியாக்களிடையே பரவியிருப்பதை அந்த ஆண்டு லான்செட் குழுமத்தின் மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. நொதியின் பெயரில் புது தில்லியைச் சேர்த்ததற்குக் கிளம்பிய எதிர்ப்பில், மருந்துகள் தோற்றுவருகின்றன என்ற செய்தி பின்தள்ளப்பட்டது.

அதை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்தவர்கள் மருத்துவர்கள். 2012 ஆகஸ்டில் பல மருத்துவச் சங்கங்கள் கூடி உருவாக்கிய சென்னைப் பிரகடனத்தை மருத்துவர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைத்தார். சீட்டில்லா விற்பனையை ஒரே நாளில் தடுத்துவிட முடியும் என்று பிரகடனம் நம்பவில்லை. மருத்துவரே இல்லாத ஊர்களில் மருந்துக் கடைக்காரர்தானே முதல் வைத்தியர்! ஆகவே வீரியமிக்க மருந்துகளிலிருந்து படிப்படியாகக் கட்டுப்பாடு தொடங்கட்டும் என்றது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசு மருந்து விதிகளின் 'எச்1' அட்டவணை ஏறக்குறைய அதே வழியில் சென்றது: பட்டியலில் 46 மருந்துகள், விற்றால் நோயாளி, மருத்துவர் பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

சிவப்புக் கோடோ வாங்குபவரை நோக்கிப் பேசியது. பிரிட்டனில் ஜிம் ஓ'நீல் தலைமையில் மருந்து எதிர்ப்புத்திறன் குறித்து வெளிவந்த ஆய்வறிக்கை 2016 மே மாதம் அதைப் பாராட்டியது. ஆனால் ஆன்டிபயாடிக் அல்லாத பல மருந்துகளின் அட்டையிலும் அதே கோடு உண்டு. எது ஆன்டிபயாடிக் என்று அது காட்டுவதில்லை. சாதாரண சளிக்கும் மருத்துவரே ஆன்டிபயாடிக்கை எழுதிக் கொடுத்தால் கோட்டால் பயனில்லை.

கேரளம் விற்பவரையும் சேர்த்துப் பிடித்தது. 2018இல் மாநிலச் செயல்திட்டம் வகுத்து, 2024இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் மருந்துக் கடைகளில் திடீர்ச் சோதனை நடத்தியது. ஆன்டிபயாடிக் மாத்திரைகளைத் தனியே அடையாளம் காட்ட, நீல நிற உறையில் போட்டுக் கொடுக்கும் முறையையும் அங்கே கொண்டுவந்தனர்.