ரத்தப் பையும் ஒரு சேதியும்

திருப்பூர், அவிநாசி பக்கம் கம்பெனிகள்ல ரத்ததான கேம்ப் நமக்குப் புதுசு இல்லீங்க. படுத்தோமா, கொடுத்தோமா, ஜூஸ் குடிச்சோமான்னு வந்துடுவோம். அந்தப் பை அப்புறம் என்ன ஆகுதுன்னு கேக்கறவங்க கம்மி. அந்த வரலாற்றைக் கொஞ்சம் தோண்டினேன்.

1986-ல சென்னை மருத்துவக் கல்லூரியில டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் எடுத்த ஆய்வு. ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில சோதிச்சதுல ஆறு பேருக்கு எச்.ஐ.வி. இந்தியாவுல முதல் தடவையா அப்பதான் தெரிஞ்சது. அந்தக் காலத்துல ரத்தத்தைக் காசுக்கு விக்கிறவங்க நிறைய. வயித்துப்பாட்டுக்கு விக்கிறவன் தன் வியாதியைச் சொல்வானா?

1989-ல ரத்தத்துக்கு எச்.ஐ.வி. சோதனை கட்டாயமாச்சு. 'காமன் காஸ்' வழக்குல 1996-ல உச்ச நீதிமன்றம் உத்தரவு போட, 1998 ஜனவரி 1 முதல் ரத்த விற்பனைக்குத் தடை. 2001-ல ஹெபடைடிஸ் சி சோதனையும் சேர்ந்தது. இன்னிக்கு ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ், மலேரியாவோட மொத்தம் அஞ்சு.

அப்பவும் ஓட்டை உண்டு. கிருமி நுழைஞ்ச ஆரம்ப நாட்கள்ல டெஸ்ட்ல மாட்டாது. எலிசாவுக்குச் சுமார் மூணு வாரம், கிருமியோட மரபணுவையே தேடற 'நாட்' டெஸ்டுக்குச் சுமார் பத்து நாள் ஆகும். (டெஸ்டிங் டீம் நண்பர்களே, 'பாஸ்'னா பக் இல்லைன்னு அர்த்தமில்ல!)

ஆனா 2018 டிசம்பர்ல சாத்தூர்ல நடந்தது இந்த ஓட்டையால இல்ல. அரசு ஆஸ்பத்திரியில ஒரு கர்ப்பிணிக்கு ஏத்தின ரத்தத்துல எச்.ஐ.வி. இருந்தது. பை வந்தது சிவகாசி அரசு ரத்த வங்கியிலேர்ந்து. கொடுத்த இளைஞர் 2016-லயும் ரத்தம் கொடுத்திருக்கார். அப்பவே பாசிட்டிவ்னு தெரிஞ்சிருக்கு, சேதி மட்டும் அவர்கிட்ட போய்ச் சேரலை. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில தெரிஞ்சதும், தானா ஓடிப்போய் ஆஸ்பத்திரியில சொன்னதும் அவர்தான். அதுக்குள்ள ரத்தம் ஏத்தியாச்சு. தற்கொலைக்கு முயன்ற அவர் அந்த மாசக் கடைசியில மதுரையில இறந்துட்டார். அந்தப் பொண்ணுக்கு 2019 ஜனவரியில குழந்தை பிறந்தது.

இதுல எனக்கு உறுத்தறது டெஸ்ட் கிட் இல்லீங்க. முடிவு கையில இருந்தும் உரியவர்கிட்ட போய்ச் சேராத அந்த ரெண்டு வருஷம்.

கேம்ப்ல தர்ற ஃபார்ம்ல, டெஸ்ட்ல ஏதாவது தெரிஞ்சா உங்களுக்குச் சொல்லணுமான்னு ஒரு கேள்வி இருக்கும். அடுத்த தடவை அதுல 'ஆம்'னு டிக் பண்ணிட்டு, இப்ப உபயோகத்துல இருக்கற போன் நம்பரை எழுதிக் கொடுங்க.