கரைக்கோட்டை வரைபவர் யார்?

இந்தியாவின் கடற்கரை எவ்வளவு நீளம்? பாடநூல்களும் போட்டித் தேர்வுக் கையேடுகளும் பல பத்தாண்டுகளாக ஒரே விடையைச் சொல்லிவந்தன: 7,516.6 கிலோமீட்டர். உள்துறை அமைச்சகத்தின் 2023-24ஆம் ஆண்டறிக்கை அந்த விடையை 11,098.81 கிலோமீட்டர் என்று திருத்தியது. இடைப்பட்ட காலத்தில் நாட்டோடு புதிய நிலம் ஏதும் சேர்ந்துவிடவில்லை. மாறியது அளவுகோல். பழைய எண் 1970களில், ஏறத்தாழ 45 இலட்சத்தில் ஒன்று என்ற அளவிலான வரைபடத்திலிருந்து கணக்கிடப்பட்டது. புதிய எண் இரண்டரை இலட்சத்தில் ஒன்று என்ற அளவில் அளக்கப்பட்டது. உற்று நோக்கும்போது கழிகளும் முகத்துவாரங்களும் தீவுகளும் வளைவுகளாகத் தெரிகின்றன. அதனால் கோடு நீள்கிறது. குஜராத்தின் கரை 1,214.7 கிலோமீட்டரிலிருந்து 2,340.62 கிலோமீட்டராக வளர்ந்தது. புதுச்சேரியின் கரையோ 47.6 கிலோமீட்டரிலிருந்து 42.65 ஆகச் சுருங்கியது.

இத்துடன் கணக்கு முடியவில்லை. பழைய எண்ணில் தீவுகளை நீக்கினால் பெருநிலத்தின் பங்கு 5,422.6 கிலோமீட்டர். கரையரிப்பை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமோ 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 6,907 கிலோமீட்டர்ப் பெருநிலக் கரையை எடுத்துக்கொண்டது. அதில் 33.6 விழுக்காடு அரிக்கப்படுகிறது என்றும் 26.9 விழுக்காட்டில் மணல் சேர்கிறது என்றும் அது கண்டது. ஒரே நாடு, ஒரே கடல், மூன்று எண்கள். மூன்றும் தத்தம் நோக்கத்துக்குச் சரியானவையே. கரை இயற்கையில் கிடப்பது. கரைக்கோடோ ஒருவர் இன்னொருவரிடம் ஒப்படைத்த வேலையின் விளைவு. யார் ஒப்படைத்தார், எதற்காக, எந்தச் சொற்களில் என்பவை தெரியாமல் அந்தக் கோட்டைப் புரிந்துகொள்ள இயலாது. கடலோர வரைபடப் பணிகள் தனியார் புவிசார் நிறுவனங்களுக்கு மேன்மேலும் ஒப்பந்தமாகச் செல்லும் இக்காலத்தில் இந்த வரலாறு பழங்கதையன்று.

கோட்டை முதலில் கேட்டது வணிகம். இளமையில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகப் பணியாற்றிய அலெக்சாண்டர் டால்ரிம்பிள், 1779 முதல் அக்கம்பெனிக்காகக் கடல்வழி வரைபடங்களைத் திரட்டி அச்சிட்டார். 1795இல் பிரிட்டிஷ் கடற்படையின் முதல் ஹைட்ரோகிராஃபராகவும் ஆனார். அந்த வரைபடங்கள் கடலிலிருந்து கரையைப் பார்த்தவை. கப்பல் தட்டாமல் செல்ல வேண்டும். ஆகவே பாறை, மணல்திட்டு, ஆழம், நங்கூரமிடும் இடம் ஆகியவை குறிக்கப்பட்டன. தொலைவிலிருந்து தெரியும் கோபுரமும் குன்றும் மாலுமிக்கு அடையாளமாகப் பயன்பட்டதால் இடம்பெற்றன. மாலுமிக்குப் பயன்படாத குடிசையும் வலை உலர்த்தும் மணலும் இடம்பெறவில்லை.

நிலத்திலிருந்து கரையைப் பார்த்த மரபு வேறு. 1767இல் வங்காளத்தில் ஜேம்ஸ் ரென்னல் நியமிக்கப்பட்டதிலிருந்து தன் வரலாற்றைத் தொடங்கும் இந்திய நில அளவைத் துறைக்கு வரி, படை, நிர்வாகம் ஆகியவையே நோக்கம். அத்துறைக்குக் கரை என்பது நிலம் முடியும் இடம். கடல் அளவையின் நிறுவன வரலாறோ அறுபட்டு அறுபட்டுத் தொடர்ந்தது. கம்பெனியின் வாரிசாக இருந்த இந்தியக் கடற்படை 1863இல் கலைக்கப்பட்டபோது அப்பணி தளர்ந்தது. 1874இல் கல்கத்தாவில் டண்டாஸ் டெய்லர் தலைமையில் கடல் அளவைத் துறை மீண்டும் எழுந்தது. விடுதலைக்குப் பின், 1954இல், கடற்படையின் ஹைட்ரோகிராஃபிக் அலுவலகம் டேராடூனில் அமைந்தது. நில அளவைத் துறையின் தலைமையகமும் அதே ஊரில்தான். கடலிலிருந்து வெகுதொலைவில், இமயமலை அடிவாரத்தில், இரண்டு அலுவலகங்கள் நாட்டின் கரையை இரு திசைகளிலிருந்து வரைந்துவந்தன.

அவற்றுக்கிடையே தூரத்தைவிட ஆழமான ஓர் இடைவெளி இருந்தது. நில வரைபடத்தின் சுழியம் சராசரிக் கடல்மட்டம். இந்தியாவின் முதல் மட்ட அளவை வலைப்பின்னல் கராச்சி, பம்பாய், சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட 9 துறைமுகங்களின் ஓதப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு 1909இல் நிறைவுற்றது. கடல்வழி வரைபடத்தின் சுழியமோ ஏறக்குறைய மிகத் தாழ்ந்த ஓதமட்டம். கப்பலின் அடிப்பாகம் தரைதட்டக்கூடாது என்பதால் ஆழத்தைக் குறைத்துக் காட்டுவதே பாதுகாப்பு. இரு சுழியங்களுக்கும் நடுவே கிடப்பது ஓதம் ஏறி இறங்கும் நிலம். கேரளக் கரையில் ஓத வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர். அங்கே அந்த நிலம் குறுகிய பட்டை. காம்பே வளைகுடாவின் பாவ்நகரில் ஓதம் 10 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். அங்கே அது பரந்த சேற்றுவெளி. சிப்பி பொறுக்குவோரும் உப்பங்கழியில் வலை விரிப்போரும் வாழ்வது அந்தப் பட்டையில்தான். ஒரு துறைக்கு அது கடல், இன்னொன்றுக்கு நிலம், முழுமையாக வரையும் பொறுப்பு இருவருக்கும் இல்லை.

1981இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓதம் எட்டும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கரையைக் கட்டுமானம் இன்றிக் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த எண்ணம் 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1991 பிப்ரவரி 19இல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாக உருப்பெற்றது. கோட்டைக் கேட்பவர் மாறினார். வணிகரும் மாலுமியும் இருந்த இடத்தில் இப்போது சட்டம் நின்றது. சட்டம் கேட்ட கோடோ இரு துறைகளின் வரைபடங்களிலும் ஆயத்தமாக இல்லாத ஒன்று: உயர் ஓதக் கோடு.

இந்தச் சொல்லின் வரையறை வளர்ந்த விதம் கவனத்துக்குரியது. 1991இன் வரையறை இயற்கையை மட்டுமே சுட்டியது: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி எழும் பேரோதத்தின்போது நீர் எட்டும் மிக உயர்ந்த எல்லை. பின்னர் வந்த திருத்தம் அதனுடன் ஒரு தொடரைச் சேர்த்தது: நடுவண் அரசு அதிகாரமளித்த அமைப்பால் நாடெங்கும் ஒரே சீராகக் குறிக்கப்படுவது. 2019 ஜனவரி 18இன் அறிவிக்கை இன்னும் ஒருபடி சென்று ஒரே நிறுவனத்தைப் பெயர் சொல்லிச் சுட்டியது: சென்னையில் இயங்கும் நீடித்த கடலோர மேலாண்மைக்கான தேசிய மையம் குறித்த கோடு. நீர் எட்டும் இடம் என்ற பொருள், நிறுவனம் குறித்த இடம் என்ற பொருளாக நகர்ந்தது. வரையறைக்குள் இயற்கை இன்னும் இருக்கிறது. ஆயினும் வழக்கு எழுந்தால் நீதிமன்றம் கேட்பது அலையின் சாட்சியத்தை அன்று, வரைபடத்தின் சாட்சியத்தை.

அந்தச் சாட்சியத்தின் எடையைக் கேரளத்தின் மரடு காட்டியது. கொச்சியை அடுத்த அவ்வூரின் காயலோரத்தில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு உள்ளாட்சி அமைப்பு அனுமதி வழங்கியிருந்தது. அனுமதி வழங்கப்பட்ட காலத்தில் நடைமுறையில் இருந்த கடலோர மேலாண்மைத் திட்டத்தின்படி அந்த நிலம் மூன்றாம் வகை மண்டலத்தில், அதாவது கட்டுப்பாடு மிகுந்த பகுதியில் இருந்தது என்பதை ஏற்று, உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் அவற்றை அகற்ற ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாள்களில் 4 குடியிருப்பு வளாகங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வரைபடத்தில் ஒரு நிலம் எந்த வண்ணத்தில் இருக்கிறது என்பது குடும்பங்களின் வாழ்நாள் சேமிப்பை முடிவுசெய்தது.

இத்தகைய எடையுள்ள வரைபடத்தைச் செய்வது யார்? தொடக்கத்தில் அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையம், கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் உள்ளிட்ட 7 அமைப்புகளுக்கு உயர் ஓதக் கோட்டைக் குறிக்கும் அதிகாரம் வழங்கப்பட்டது. மாநில அரசுகள் மேலாண்மைத் திட்ட வரைபடங்களுக்காக அவற்றை நாடின. தனித்தனித் திட்டங்களுக்கு நிலைமை வேறு. கரையோரத்தில் துறைமுகமோ விடுதியோ கட்ட அனுமதி கோருபவர், அதிகாரம் பெற்ற அமைப்பொன்றிடமிருந்து 4,000இல் ஒன்று என்ற அளவில் வரைபடம் பெற்று இணைக்க வேண்டும். கட்ட விரும்புபவரே வரைபவருக்குக் கட்டணம் செலுத்தும் ஏற்பாடு இது. எவருடைய நேர்மையையும் ஐயுறாமலே ஒன்றைச் சொல்லலாம்: அந்த வரைபடத்தில் எதைத் தேட வேண்டும் என்பதை முடிவுசெய்வது திட்டத்தின் தேவை.

தனியார் நிறுவனங்கள் பெரிய அளவில் நுழைந்தது பேரழிவின் பின்விளைவாக. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான குழு, இடர் எட்டும் எல்லையையும் கணக்கில் கொள்ளுமாறு 2005இல் பரிந்துரைத்தது. 2011 ஜனவரி 6இன் அறிவிக்கை அலை, வெள்ளம், கடல்மட்ட உயர்வு, கரை மாற்றம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணிக்கும் 'இடர்க்கோடு' என்ற கருத்தை ஏற்றது. நாட்டின் கரை முழுவதையும் வானிலிருந்து படமெடுத்து உயர வேறுபாடுகளை அளந்தால் அன்றி இடர்க்கோட்டை வரைய இயலாது. உலக வங்கி உதவியுடன் நடந்த அப்பணியில் இந்திய நில அளவைத் துறை 2011இல் ஐதராபாத்தின் ஐஐசி டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அரசின் துல்லிய அளவுகோல், தனியாரின் விமானமும் கணினியும், அனைத்துலக வங்கியின் கடன் என மூன்றும் சேர்ந்து ஒரு கோட்டை உருவாக்கின. ஆயின் 2019இன் அறிவிக்கை இடர்க்கோட்டைக் கட்டுமானக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி, பேரிடர் மேலாண்மைக்கான கருவியாக மட்டும் நிறுத்தியது. பெரும் உழைப்பில் அளக்கப்பட்ட கோட்டை மீறினால் தடுப்பதற்கு அந்த அறிவிக்கையில் விதியில்லை.

இன்னொரு தடை இதற்கு முன்பே தளரத் தொடங்கியிருந்தது. நெடுங்காலம் கரையோரப் பட்டையின் விரிவான நிலவரைபடங்கள் பாதுகாப்புக் காரணங்களால் பொதுமக்களுக்கு எட்டாதவையாக இருந்தன. 2005இன் தேசிய வரைபடக் கொள்கை பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசையும் பொதுப் பயன்பாட்டுக்கு இன்னொரு வரிசையுமாகப் பிரித்தது. 2021 பிப்ரவரி 15இன் வழிகாட்டு நெறிகள் இந்திய நிறுவனங்களுக்கு முன்அனுமதித் தேவையைப் பெரும்பாலும் நீக்கின. இந்திய ஆட்சிக்குட்பட்ட கடற்பரப்பில் அளவை செய்யும் உரிமையை இந்திய நிறுவனங்களுக்கே ஒதுக்கின. 2022இன் தேசியப் புவிசார் கொள்கை இத்துறையைப் பொருளாதார வளர்ச்சியின் கருவியாக அறிவித்தது. ஆளில்லா வானூர்தி, லைடார், பலகதிர் ஒலி அளவை ஆகியவற்றைக் கையாளும் இளைஞர்களுக்கு இது உண்மையான வாய்ப்பு. மூடிக்கிடந்த தரவு திறப்பதும் வரவேற்கத்தக்கதே.

ஆனால் ஒப்பந்தத்துக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் பெயர் சொல்லப்பட்டதே அளக்கப்படும். அளக்கப்பட்டதற்கே தொகை வழங்கப்படும். தகுதி பெற்றவருள் குறைந்த விலை கோருபவருக்கு வேலை என்ற முறையில், கேட்காத ஒன்றைத் தன் செலவில் அளந்து தரும் நிறுவனம் நிலைக்க முடியாது. 2011இன் அறிவிக்கை மீனவ ஊர்கள், அவர்களின் பொதுச்சொத்துகள், மீன் உலர்த்தும் களங்கள், ஐஸ் ஆலைகள் ஆகியவற்றை ஊரளவிலான நில உடைமை வரைபடங்களில் குறிக்கச் சொன்னது. இவற்றை வானிலிருந்து காண்பது எளிதன்று. கோவா, கர்நாடகக் கரைகளின் ரம்பணி வலை, நீண்ட திறந்த மணற்கரையில் பலர் சேர்ந்து இழுப்பது. பருவம் முடிந்தால் அந்த இடம் வெற்று மணல். படமெடுத்த நாளில் வலை இல்லையென்றால் படத்திலும் இல்லை. வருவாய்த் துறைப் பதிவேட்டிலோ அது பெரும்பாலும் அரசு நிலம். அங்கே வலை இழுக்கப்படுகிறது என்பதை ஊருக்குள் சென்று, பெரியவர்களிடம் கேட்டு, உள்ளூர்ப் பெயர்களோடு பதிய வேண்டும். அது மெதுவான வேலை. மொழி தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. துல்லியத்தை சென்டிமீட்டரில் கேட்கும் ஆவணம் இந்த வேலைக்குத் தனி இனமும் தொகையும் ஒதுக்காவிட்டால் அது நடைபெறாது. பின்னாளில் வரைபடத்தின் வெற்றிடமே அங்கே எவரும் இல்லை என்பதற்குச் சான்றாக நிற்கும்.

டால்ரிம்பிளின் வரைபடத்தில் குடிசைகள் இல்லாததற்குக் காரணம் அவர் கண் அன்று, அவருடைய வேலை. இன்றைய கருவிகள் அவர் கனவிலும் காணாதவை; வேலையை வரையறுக்கும் சொற்களின் அதிகாரம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே கடலோரத்தை ஆய்பவர்கள் முடிந்த வரைபடத்தோடு நின்றுவிடாமல் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களையும் வரலாற்று மூலங்களாக வாசிக்க வேண்டும். வரைவுத் திட்டங்கள் மக்கள் கருத்துக்கு வைக்கப்படும்போது, கரையோர ஊர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கோடு எங்கே செல்கிறது என்பது மட்டுமன்று. எதையெல்லாம் வரையுமாறு வரைபவரிடம் சொல்லப்பட்டது என்பதும் அதே அளவு முதன்மையான கேள்வி.