உள்ளே அமர்த்துவதா, வெளியே நிறுத்துவதா? – ஐரோப்பிய மன்றம் நடந்து வந்த பாதை

நீலத் துணியில் பன்னிரண்டு பொன் விண்மீன்கள் வட்டமிட்டிருக்கும் கொடியைப் பார்த்ததும் நமக்கு ஐரோப்பிய ஒன்றியம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அக்கொடி ஒன்றியத்துக்காக வரையப்பட்டதல்ல. 1955 டிசம்பரில் அதைத் தனதாக்கிக்கொண்டது, பிரான்சின் கிழக்கு எல்லையில் ஸ்ட்ராஸ்பூர் நகரிலிருந்து இயங்கும் ‘கவுன்சில் ஆஃப் யூரோப்’ என்னும் ஐரோப்பிய மன்றம். முப்பது ஆண்டுகள் கழித்தே பிரஸ்ஸல்ஸ்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். கொடுத்தவர் பெயர் மறந்துபோய், வாங்கியவர் பெயர் நிலைத்துவிட்டது. 46 நாடுகள் உறுப்பினராக உள்ள இந்த மன்றம் வேறு, 27 நாடுகள் கொண்ட ஒன்றியம் வேறு என்பதை ஐரோப்பாவில் பல்லாண்டு வாழ்ந்தவர்களுக்குக்கூட விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1949 மே 5 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் பத்து நாடுகள் கையெழுத்திட மன்றம் பிறந்தது. 1870க்கும் 1945க்கும் இடையில் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் நான்கு முறை கைமாறிய ஊர் என்பதால் ஸ்ட்ராஸ்பூரையே தலைமையிடமாக்கலாம் என்றார் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின். அந்த ஆண்டு ஆகஸ்டில் பல்கலைக்கழகக் கட்டடத்தில் முதல் அவை கூடியது. பெல்ஜியத்தின் பால்-ஹென்றி ஸ்பாக் அவைத் தலைவரானார். மன்றத்தின் சாசனம் முதல் விதியிலேயே தன் கையைக் கட்டிக்கொண்டது: பாதுகாப்பு, படை விவகாரங்கள் மன்றத்தின் வரம்புக்குள் வாரா. படையும் இல்லை, சொல்லும்படியான பணமும் இல்லை. உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வதும், ‘நீ இனி உறுப்பினன் இல்லை’ என்று சொல்வதும் மட்டுமே அதன் வசம் இருந்த ஆயுதங்கள். மனித உரிமையையும் சட்டத்தின் ஆட்சியையும் கடுமையாக மீறும் நாட்டை இடைநிறுத்தலாம், விலகச் சொல்லலாம் என்கிறது எட்டாம் விதி. மன்றத்தின் வெளியுறவு வரலாறு முழுவதும் இந்த எட்டாம் விதியை எடுப்பதா வேண்டாமா என்ற தயக்கத்தின் வரலாறுதான்.

1950 நவம்பர் 4 அன்று ரோமில் கையெழுத்தான மனித உரிமை உடன்படிக்கையும், 1959இல் அமைந்த நீதிமன்றமும் மன்றத்தின் பெரும் சாதனைகள். ஒரு குடிமகன் தன் சொந்த அரசையே நாட்டுக்கு வெளியே உள்ள நீதிபதிகள் முன் நிறுத்தலாம் என்பது அன்று கேள்விப்படாத ஏற்பாடு. அரசுகளுக்கு அது எளிதில் தொண்டைக்குள் இறங்கவில்லை. தனிமனிதர் முறையிடும் உரிமையை பிரிட்டன் 1966இல்தான் ஏற்றது. மனித உரிமையின் தாயகம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பிரான்ஸ் 1981இல். எல்லா உறுப்பு நாடுகளுக்கும் அது கட்டாயமானது 1998இல்.

முதல் பெரும் சோதனை கிரேக்கத்திலிருந்து வந்தது. 1967 ஏப்ரல் 21 அன்று கர்னல்கள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். கைதுகள், சித்திரவதை, தணிக்கை எல்லாம் பின்னாலேயே வந்தன. ஐந்தே மாதத்தில் டென்மார்க், நார்வே, சுவீடன், நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகள் கிரேக்கத்தின் மீது முறையிட்டன. நான்கில் எதற்கும் கிரேக்கத்தோடு எல்லைத் தகராறு இல்லை, வணிகச் சண்டையும் இல்லை. இன்னொரு நாட்டுக் குடிமக்கள் அடிபடுவதற்காக ஒரு நாடு வழக்குப் போடுவது இராஜதந்திர உலகில் அபூர்வம். மன்றத்தின் மனித உரிமை ஆணையம் சாட்சிகளை விசாரித்தது; ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய அறிக்கையில், சித்திரவதை அங்கு வழக்கமான நடைமுறையாகிவிட்டது என்று எழுதியது. 1969 டிசம்பர் 12 அன்று பாரிசில் அமைச்சர்கள் கூடியபோது வாக்கெடுப்பு எப்படி முடியும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கிரேக்க வெளியுறவு அமைச்சர் பிபினெலிஸ் அதற்கு முந்திக்கொண்டு, தம் நாடு விலகுவதாக அறிவித்துவிட்டு வெளியேறினார்.

அதே கிரேக்கம் அத்தனை ஆண்டுகளும் நேட்டோ படைக் கூட்டணியில் உறுப்பினராகவே இருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சோவியத் கடற்படையைக் கண்காணிக்கத் துறைமுகம் தேவைப்பட்டவர்களுக்குக் கர்னல்களின் சிறைகள் கண்ணில் படவில்லை. அதே அரசுகள்தான் நேட்டோ கூடும் பிரஸ்ஸல்சில் கர்னல்களோடு கைகுலுக்கி, ஸ்ட்ராஸ்பூரில் முகம் திருப்பிக்கொண்டன. 1974 ஜூலையில் சைப்ரஸ் விவகாரத்தில் கர்னல்கள் கவிழ்ந்தார்கள். நவம்பர் 28 அன்று கிரேக்கம் மன்றத்துக்குத் திரும்பியது. மன்றத்தை விட்டு விலகியதால் ஆட்சி கவிழவில்லை என்பது உண்மை. ஆனால் மக்களாட்சி மீண்டதும் புதிய ஆட்சியாளர்கள் முதலில் தட்டிய கதவுகளில் இது ஒன்று.

துருக்கியில் 1980 செப்டம்பரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மன்றம் வேறு வழியில் போனது. 1982இல் ஐந்து நாடுகள் முறையிட்டன. 1985 டிசம்பரில் இணக்கமான முடிவு என்று சொல்லி வழக்கை மூடினார்கள். துருக்கி உள்ளேயே இருந்தது, 1987இல் தனிமனித முறையீட்டையும் ஏற்றது. குர்து மக்கள் தங்கள் எரிந்த கிராமங்களுக்கு நியாயம் கேட்டு ஸ்ட்ராஸ்பூருக்கு வர முடிந்தது அதனால்தான். கிரேக்கத்தில் சரியாக இருந்தது துருக்கியில் தவறாக இருந்திருக்கும் என்று வாதிட இடமிருக்கிறது.

பிறகு ரஷ்யா.

1989 ஜூலை 6 அன்று சோவியத் தலைவர் கோர்பச்சேவ் ஸ்ட்ராஸ்பூர் அவையில் நின்று ஐரோப்பாவைப் பொது வீடு என்று பேசினார். அடுத்த ஆண்டே ஹங்கேரி உறுப்பினரானது. கிழக்கிலிருந்து ஒவ்வொரு நாடாக வந்தது. ரஷ்யா 1992இல் விண்ணப்பித்தது. செச்னியாவில் போர் மூண்டதால் 1995இல் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் போர் ஓயுமுன்னரே, 1996 பிப்ரவரி 28 அன்று, ரஷ்யா சேர்த்துக்கொள்ளப்பட்டது. தகுதி பார்த்துச் சேர்ப்பது என்ற விதி அன்று தலைகீழானது. சேர்த்துவிட்டால் தகுதி வரும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை இன்று ஏளனம் செய்வது சுலபம். அன்று ரஷ்ய அதிபர் யெல்ட்சின் தேர்தலில் பழைய கம்யூனிஸ்டுகளிடம் தோற்றுவிடுவாரோ என்ற பயம் மேற்கு ஐரோப்பியத் தலைநகரங்கள் எல்லாவற்றிலும் இருந்தது.

பயன் இல்லாமல் போகவில்லை. சிறைச்சாலை நெரிசல் முதல் கொடுக்கப்படாத ஓய்வூதியம் வரை சாதாரண ரஷ்யர்கள் ஆயிரக்கணக்கில் வழக்குத் தொடர்ந்தார்கள். செச்னியக் கொலைகள் பற்றிய முதல் தீர்ப்புகள் 2005 பிப்ரவரியில் வந்தன. மாஸ்கோ பெரும்பாலும் இழப்பீட்டைக் கட்டிவிடும், சுட்டவரைத் தேடாது. நீதிமன்றத்தின் தேங்கிய வழக்குகளைக் குறைக்கும் 14ஆம் நெறிமுறைக்கு மற்ற எல்லா நாடுகளும் ஒப்புதல் தந்த பிறகும் ரஷ்யா தனியாக நின்று 2010 வரை அதை முடக்கிவைத்தது. 2015இல், ஸ்ட்ராஸ்பூர் தீர்ப்பு தங்கள் அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்றால் நிறைவேற்ற வேண்டியதில்லை என்று சட்டமே இயற்றிக்கொண்டது.

உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டதும், 2014 ஏப்ரலில் நாடாளுமன்ற அவை ரஷ்யப் பிரதிநிதிகளின் வாக்குரிமையைப் பறித்தது. அவர்கள் வருவதை நிறுத்தினார்கள்; 2017 நடுவில் சந்தாவையும் நிறுத்தினார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 3.3 கோடி யூரோ. மன்றத்தைப் போன்ற மெலிந்த அமைப்புக்கு அது பெரிய ஓட்டை. ரஷ்யா போய்விட்டால் கோடிக்கணக்கான ரஷ்யர்கள் நீதிமன்றத்தை இழப்பார்கள் என்று பொதுச்செயலாளர் யாக்லாண்ட் தலைநகரம் தலைநகரமாகச் சொல்லி வந்தார். 2019 ஜூனில் அவை விதிகளைத் திருத்தி ரஷ்யர்களைத் திரும்ப அழைத்தது. உக்ரைன் பிரதிநிதிகள் எழுந்து வெளியேறினார்கள். கிரிமியா விஷயத்தில் ஓர் அங்குலம்கூட நகராத மாஸ்கோ பாக்கியைக் கட்டியது. யாக்லாண்ட் சொன்ன காரணம் பொய்யில்லை. ஆனால் கல்லாப்பெட்டி காலியாக இருக்கும் நேரத்தில் எடுத்த முடிவை யாரும் கொள்கை முடிவாகப் பார்க்க மாட்டார்கள், மாஸ்கோவும் பார்க்கவில்லை. மன்றத்தின் வரலாற்றிலேயே விலை மலிந்த நாள் அதுதான் என்பது என் எண்ணம்.

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது முழுப் போர் தொடங்கியது. மறுநாளே ரஷ்யா இடைநிறுத்தப்பட்டது. மார்ச் 15 அன்று, 1969இல் கிரேக்கம் செய்ததைப் போலவே, விலகுவதாகக் கடிதம் கொடுத்தது. இம்முறை அமைச்சர்கள் காத்திருக்கவில்லை. மறுநாள், மார்ச் 16 அன்று, எட்டாம் விதியின் கீழ் உறுப்புரிமையை முடித்துவைத்தார்கள். அப்படி வெளியேற்றப்பட்ட முதல் நாடு ரஷ்யா. செப்டம்பர் 16 முதல் உடன்படிக்கையும் அதைக் கட்டுப்படுத்தவில்லை. அன்று ரஷ்யாவுக்கு எதிராக நிலுவையில் இருந்த வழக்குகள் 17,000க்கும் அதிகம்.

படை பற்றிப் பேசக்கூடாத மன்றத்துக்கு இந்தப் போர் புது வேலை கொடுத்தது. 2023 மே மாதம் ரெய்க்யவிக் உச்சி மாநாட்டில் உக்ரைனின் சேதங்களைப் பதியும் பதிவேடு தொடங்கப்பட்டது. அதன் அலுவலகம் ஹேகில். ஆக்கிரமிப்புக் குற்றத்தை விசாரிக்கும் சிறப்புத் தீர்ப்பாயத்துக்கான ஒப்பந்தத்தில் 2025 ஜூன் 25 அன்று உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியும் மன்றத்தின் பொதுச்செயலாளர் அலன் பெர்சேயும் ஸ்ட்ராஸ்பூரில் கையெழுத்திட்டார்கள். ஐ.நா. பாதுகாப்புச் சபையில் ரஷ்யாவின் வீட்டோ நிற்கும்வரை இந்த வேலையை அங்கே தொடங்கக்கூட முடியாது. இன்னோர் உறுப்பு நாடான அஜர்பைஜானின் பிரதிநிதிகளை ஏற்க 2024 ஜனவரியில் அவை மறுத்தது. அந்த நாட்டின் எரிவாயுவை ஒன்றியம் தொடர்ந்து வாங்குகிறது. கிரேக்கக் காலத்து இரட்டை முகம் எங்கும் போய்விடவில்லை.

இப்போது இடர் மறுபக்கத்திலிருந்து வருகிறது. 2025 மே மாதம் இத்தாலியும் டென்மார்க்கும் முன்னின்று ஒன்பது நாடுகள் பகிரங்கக் கடிதம் எழுதின: வெளிநாட்டவரை வெளியேற்றும் விஷயத்தில் நீதிமன்றம் உடன்படிக்கையை அளவுக்கு மீறி விரித்துப் பொருள் கொள்கிறது என்பது குற்றச்சாட்டு. 1967இல் முன்பின் அறியாத கிரேக்கர்களுக்காக வழக்குப் போட்ட அதே டென்மார்க். நீதிமன்றத்தை அரசியல் ஆயுதமாக்கக் கூடாது என்று பெர்சே பதிலளித்தார். டிசம்பர் 10 அன்று அமைச்சர்கள் ஸ்ட்ராஸ்பூரில் கூடியபோது கடிதக்காரர்களின் அணி 27 நாடுகளாக வளர்ந்திருந்தது. மனிதத்தன்மையற்ற நடத்தையைத் தடைசெய்யும், உடன்படிக்கையின் மூன்றாம் விதியை மிகக் கடுமையான நிலைமைகளுக்கு மட்டும் என்று சுருக்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று.

அந்த மூன்றாம் விதியோடு நமக்கு நேரடித் தொடர்பு உண்டு. 1988இல் பிரிட்டன் இலங்கைக்குத் திருப்பியனுப்பிய ஐந்து தமிழர்களின் வழக்கில், விதி மீறப்படவில்லை என்று 1991 அக்டோபரில் நீதிமன்றம் தீர்த்தது. போர் மீண்டும் மூண்ட பிறகு, 2007 முதல், பிரிட்டனிலிருந்து அனுப்பப்படவிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களின் பயணத்தை இடைக்கால உத்தரவால் நிறுத்திவைத்தது. 2008 ஜூலை 17 அன்று அவர்களில் ஒருவரின் வழக்கில், கொழும்பு விமான நிலையத்தில் அவர் அடையாளம் காணப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளாகக்கூடும் என்பதை ஏற்று, அனுப்பினால் மூன்றாம் விதி மீறப்படும் என்று தீர்ப்பளித்தது. 27 நாடுகள் கேட்கும் சுருக்கம் அன்றே நடந்திருந்தால், விமானம் ஏறுமுன் அவர் காட்ட வேண்டியிருந்த ஆபத்தின் அளவு இன்னும் உயர்ந்திருக்கும்.