பக்கவாதத்துக்குப் பின் பார்வையும் அறிவாற்றலும்

பக்கவாதம் கண்ட முதியவரிடம் கை, கால் முடக்கம் உடனே தெரியும். பார்வைக் குறை பலவேளை கவனத்துக்கு வராது. மூளையின் பார்வைப் பாதை சிதைந்தால் இரு கண்களிலும் ஒரே பக்கப் பார்வை போகலாம். வலது மூளை பாதிக்கப்பட்ட சிலர் இடப்பக்கத்தையே கவனிப்பதில்லை. தட்டில் பாதிச் சோறு மிஞ்சும். இது கண்ணின் கோளாறன்று, கவனத்தின் கோளாறு. கடிகாரம் வரையச் சொல்லும் அறிவாற்றல் சோதனைக்கும் பார்வை வேண்டும். அதைப் பரிசோதிக்காமல் மறதிநோய் என முடிவுகட்டுவது பிழை.

பக்கவாதத்துக்குப் பின் அறிவாற்றல் எப்படி இருக்கிறது என்பதில் மொழிப் பழக்கத்துக்கும் பங்கிருக்கலாம். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் பக்கவாதத்துக்குச் சிகிச்சை பெற்ற 608 பேரைப் பற்றிய சுவர்ணா அல்லாடி குழுவின் ஆய்வு 2016இல் வெளிவந்தது. அறிவாற்றல் இயல்பாக இருந்தவர்கள் இருமொழியாளரில் 40.5 விழுக்காடு, ஒருமொழியாளரில் 19.6.