ஆண் தாதியர்

நோயாளரைப் பராமரிப்பவரைத் தாதி என்றும் செவிலி என்றும் தமிழர் வழங்குவர். இரண்டும் முன்னாளிற் பிறர் குழந்தையை வளர்க்கும் பெண்ணைச் சுட்டிய சொற்கள். ஆதலால், ஆண்மகன் ஒருவன் இத்தொழிலிற் புகும்போது 'ஆண்' என்னும் அடைமொழி வேண்டியதாகிறது. ஆனால், நோயாளர் பணி என்றும் பெண்களுக்கே உரியதாய் இருந்ததா? இல்லை என்பதே வரலாறு தரும் விடை.

பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த கமில்லஸ் இளமையிற் போர்வீரர், சூதாடிப் பொருளிழந்தவர். காலில் உண்டான ஆறாப் புண்ணே அவரை உரோமாபுரி வைத்தியசாலை ஒன்றிற் சேர்த்தது. பின்னர் நோயாளர் பணிக்கென அவர் நிறுவிய ஆடவர் சபை 1586 இல் திருத்தந்தையின் அங்கீகாரம் பெற்றது. நோயுற்ற தன் ஒரே பிள்ளையைப் பேணும் தாயின் அன்போடு நோயாளரைப் பேணுதல் வேண்டும் என்று அவர் விதித்தார். தாய்மைக்குரிய பரிவை ஆடவரிடமே எதிர்பார்த்தார் அந்தப் பழைய போர்வீரர்.

பிற்காலத்தில் நிலைமை மாறியது. 1860 இல் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் பெயரால் இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில் எழுந்த பயிற்சிப் பள்ளி பெண்களுக்கென்றே அமைந்தது. பெண்களுக்கு மதிப்புள்ள தொழிலொன்று கிடைத்தது பெரும்பேறே. எனினும், அம்முறை பல நாடுகளிற் பரவியபோது ஆடவர் பெரும்பாலும் வாயிலுக்கு வெளியே நின்றனர்.

ஐக்கிய அமெரிக்காவில் 1901 இல் அமைந்த இராணுவத் தாதியர் படையும் பெண்களையே ஏற்றது. இரண்டாம் உலகப் போரின்போது இவ்விதியின் விபரீதம் வெளிப்பட்டது. தாதியர் போதாமையால், அவர்களைக் கட்டாயமாகப் படையிற் சேர்க்கச் சட்டம் வேண்டுமென 1945 தை மாதத்தில் ஜனாதிபதி றூஸ்வெல்ற் கோரினார். அவ்வேளையிலும், பயிற்சி பெற்ற ஆண் தாதியர் அப்படையில் அதிகாரிகளாக முடியவில்லை. பலர் சாதாரண சிப்பாய்களாகவே கடமையாற்றினர். துப்பாக்கி ஏந்துதல் ஆண்மை, புண்ணுக்குக் கட்டுதல் ஆண்மையன்று என்னும் எண்ணம் அவ்விதியுள் மறைந்திருந்தது. அதற்கு விலை கொடுத்தவர் ஆண் தாதியர் மட்டுமல்லர். காயமுற்றுக் கிடந்தோரும் ஆவர். 1955 இலேயே சட்டம் மாறியது. அவ்வாண்டு எட்வேட் லயன் என்பார் அப்படையின் முதல் ஆண் அதிகாரியானார்.

கல்விக்கூடத்தின் கதவு திறக்க மேலும் காலம் சென்றது. மிசிசிப்பி மகளிர் பல்கலைக்கழகத்தின் தாதியர் கல்லூரி, ஆண் என்ற காரணத்தால் ஹோகன் என்பவரைச் சேர்க்க மறுத்தது. அது அரசியலமைப்புக்கு முரணானதென 1982 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாதித்தொழில் பெண்களுக்கே உரியதென்ற பழைய எண்ணத்தை அம்மறுப்பு நிலைபெறச் செய்கிறது எனவும் நீதிபதிகளிற் பெரும்பான்மையோர் கருதினர்.

இலங்கையில் இன்று 'தாதிய உத்தியோகத்தர்' என்னும் பதவிப் பெயர் இருபாலாருக்கும் பொதுவாக வழங்குகிறது. பெயர் பொதுவாயிற்று, மனமும் பொதுவாதல் வேண்டும். இத்தொழிலை விரும்பும் இளைஞனின் ஆண்மையை ஐயுறுவோர், நள்ளிரவில் வலியால் துடிக்கும் நோயாளியின் அருகே அவன் விழித்திருப்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.