மெதுவாக இறங்கும் காற்று: டயரின் வரலாறும் நம் ஊர்க் கார்களும்

காலையில் காரை எடுக்கப் போகிறீர்கள். முன்பக்க இடது டயர் மட்டும் கொஞ்சம் சப்பையாக இருக்கிறது. பெட்ரோல் பங்கில் காத்தடித்ததும் சரியாகிவிடுகிறது. பத்து நாள் கழித்து மறுபடியும் அதே டயர். பஞ்சர் கடையில் காட்டினால், "ஆணி எதுவும் தெரியலையே, ஓட்டுங்க பார்ப்போம்" என்கிறார்கள். நீங்களும் ஓட்டுகிறீர்கள்.

நம் குடியிருப்பில் இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கிறது. ஏர்வாடிக்கு இதில் சில தனிக் காரணங்களும் உண்டு. கடலின் உப்புக் காற்று ஒன்று. சீமைக் கருவேல முள் இன்னொன்று. வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களின் கார்கள் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்பது மூன்றாவது. அப்படி நின்ற கார் திடீரென்று எடுக்கப்படுவது பெரும்பாலும் மதுரை விமான நிலையத்துக்கு. நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம், வண்டி நிறைய ஆட்களும் பெட்டிகளும், அதுவும் பல நேரம் இரவில்.

இந்தக் காலாண்டு இதழில் டயரின் வரலாற்றை எடுத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். காற்று வெளியேறாமல் தடுக்க 180 ஆண்டுகளாகப் பலர் பாடுபட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் வெற்றியும் பெற்றார்கள். அந்த வெற்றிக்கு ஒரு பக்க விளைவு இருக்கிறது. முன்பு நடுரோட்டில் உடனே தெரிந்த பஞ்சர், இப்போது சத்தமில்லாமல் வாரக்கணக்கில் நடக்கிறது. டயரின் எந்தப் பாகம் எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால், காற்று எந்த வழியாகப் போகிறது என்று தேடுவதும் எளிதாகும்.

ஒட்டிய டயரும் கழற்றும் டயரும்

காற்றடைத்த சக்கரத்துக்கு முதலில் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன். ஆண்டு 1845. மேலே தோல், உள்ளே ரப்பர் பூசிய துணிக்குழாய். குதிரை வண்டிகளுக்காக அதைச் செய்தார். அன்றைக்கு அது விலைபோகவில்லை, மறக்கப்பட்டது.

பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே புதிதாகச் செய்து 1888இல் காப்புரிமை பெற்றார். தாம்சன் முந்திவிட்டது தெரியவந்ததும் அந்த உரிமை செல்லாது என்றானது. ஆனாலும் உலகத்தில் நிலைத்தது டன்லப்பின் பெயர்தான்.

டன்லப்பின் டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். 1889இல் பிரான்சின் கிளர்மான் ஃபெரான் ஊரில் இருந்த மிஷெலின் சகோதரர்களின் பட்டறைக்கு, பஞ்சரான அப்படியொரு சைக்கிள் டயர் வந்தது. பிரித்து ஒட்ட மூன்று மணி நேரம், பசை காய ஒரு இரவு. மறுநாள் எட்வார்ட் மிஷெலின் ஓட்டிப் பார்த்தார். சிறிது தூரத்திலேயே மறுபடியும் காற்றுப் போனது. டயரைக் கழற்றி மாட்ட முடியவேண்டும் என்று அவர் முடிவுகட்டியது அங்கேதான். 1891இல் அவர்களுடைய கழற்றும் டயர் வந்தது. பஞ்சர் பார்க்கும் வேலை கால் மணி நேரமாகக் குறைந்தது. அதே ஆண்டு பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பந்தயத்தில் அந்த டயரில் ஓட்டியவர்தான் வென்றார்.

இதில் நமக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. அன்றிலிருந்து டயரும் ரிம்மும் ஒட்டப்படாத இரண்டு பொருள்கள். டயரின் ஓரத்தில் கம்பி வைத்த தடித்த விளிம்பு இருக்கும், அதைப் 'பீடு' என்பார்கள். உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் அதை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கிறது.

ஸ்டெப்னி என்ற சொல்

ஆரம்பகாலக் கார்களில் உபரிச் சக்கரம் கிடையாது. பஞ்சரானால் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து ஒட்டவேண்டும். 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில், டேவிஸ் சகோதரர்கள் ஒரு வழி கண்டார்கள். ஆரக்கால் இல்லாத ஒரு ரிம்மில் காற்றடித்த டயரை மாட்டி, அதைப் பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்துப் பூட்டிவிடுவது. தெருவின் பெயரே பொருளுக்கு வந்தது. அந்த நிறுவனம் மறைந்தாலும், உபரிச் சக்கரத்தை நாம் இன்னும் 'ஸ்டெப்னி' என்கிறோம். பிரேசிலிலும் அதே சொல்தான் சற்று மாறி வழங்குகிறது.

இப்போது அந்த ஸ்டெப்னியும் குறைந்து வருகிறது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் சென்சாரும் உள்ள சிறிய வாகனங்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. புதுக் கார் வாங்கியவர்கள் பின்பக்கம் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வால்வு வந்த வழி

காற்றை உள்ளே விட்டு வெளியே விடாத அந்தச் சிறிய வால்வு, நியூயார்க்கில் பட்டறை வைத்திருந்த ஆகஸ்ட் ஷ்ராடரின் பெயரில் வழங்குகிறது. 1890களின் தொடக்கத்தில் வந்தது. கடலில் மூழ்குபவர்கள் அணியும் செப்புத் தலைக்கவசம் உள்ளிட்ட உபகரணங்களைச் செய்துவந்தவர் அவர். காற்றும் தண்ணீரும் இடம் மாறினால் ஆள் பிழைக்கமாட்டார் என்ற தொழிலிலிருந்து வந்த அனுபவம் அது. சங்கு குளிப்பவர்கள் வாழும் நம் கரைக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

கார் வால்வின் உள்ளே ஒரு ஊசி, ஒரு ஸ்பிரிங், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு ரப்பர் வளையம். அந்த வளையத்தில் மணல் ஒரு துளி உட்கார்ந்தால் போதும், காற்று கசியும். வால்வின் அடித்தண்டு ரப்பராக இருந்தால் வெயிலில் வெடிப்பு விழும். நம் பஞ்சர் கடைக்காரர்கள் காத்தடித்து முடித்ததும் விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்துப் பார்ப்பதுண்டு. குமிழ் வந்தால் கசிவு. இதைவிட மலிவான சோதனையை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ரப்பரும் முள்ளும்

பிரேசிலில் இருந்து ஹென்றி விக்காம் கொண்டுவந்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அங்கிருந்து இலங்கைக்கு வந்த ஆண்டு 1876. பின்னாளில் மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களில் பலர் அந்த ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர்கள்.

அதே 1876இல் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெடோம், வறண்ட நிலத்துக்கு ஏற்ற ஒரு மரத்தின் விதையைக் கேட்டு அரசுக்கு எழுதினார். மறு ஆண்டு கடப்பைப் பகுதியில் அது விதைக்கப்பட்டது. அதுதான் சீமைக் கருவேலம். இன்று இராமநாதபுரம் மாவட்டத்தின் கண்மாய்க் கரைகளையும் ரோட்டோரங்களையும் அது நிறைத்திருப்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அதன் முள் ஏறியதும் நுனி உள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆணியைத் தேடும் கண்ணுக்கு முள் அகப்படாது.

ரப்பருக்கே ஒரு குணம் உண்டு. அது காற்றை முழுதாக அடைத்து வைக்காது. 1946இல் திருவொற்றியூரில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்து தொடங்கிய தொழில்தான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. பலூனின் வாயை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மறுநாள் சுருங்கிவிடும் என்பது குழந்தைகளுக்கும் தெரியும். இயற்கை ரப்பர் டியூபும் அப்படித்தான், வேகம் மட்டும் குறைவு. 1937இல் அமெரிக்காவில் உருவான பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர் இந்தக் கசிவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக்கியது. இன்றைய டயரின் உள்பூச்சு அந்த வகை ரப்பர்தான். அப்படியும் நல்ல டயரில் மாதத்துக்கு 1 முதல் 2 பி.எஸ்.ஐ. வரை குறைவது இயல்பு.

டியூப் போன பிறகு

டியூப் உள்ள டயரில் ஆணி ஏறினால், டியூபுக்கும் டயருக்கும் இடையே காற்று புகுந்து ரிம்மின் ஓட்டைகள் வழியே உடனே போய்விடும். வண்டி நின்றுவிடும். 1946இல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிராங்க் ஹெர்செக் டியூப் இல்லாத டயருக்கு விண்ணப்பித்தார். 1952இல் காப்புரிமை கிடைத்தது. 1955 வாக்கில் அமெரிக்கப் புதுக் கார்களில் அதுவே வழக்கமானது. நம் நாட்டில் மெதுவாகத்தான் பரவியது, இன்று புதுக் கார்களில் அதுதான்.

டியூப்லெஸ் டயரில் ஏறிய ஆணி அங்கேயே அடைப்பாக நின்றுவிடும். காற்று அதைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். அதனால் நடுவழியில் நிற்கும் தொல்லை போனது. கசிவு கண்ணுக்குத் தெரியாமலும் போனது. இன்னொரு மாற்றமும் உண்டு. முன்பு டியூப் பார்த்த வேலையை இப்போது பீடும் ரிம்மும் சேரும் விளிம்பு பார்க்கிறது. இரும்பு ரிம்மில் அந்த விளிம்பில் துரு பிடித்தால், அலாய் ரிம்மில் உப்புப் பூத்தால், காற்று அந்த வழியாகப் போகும். கடற்கரை ஊர்க் கார்களில் ஆணியே இல்லாமல் காற்று இறங்கினால் முதலில் சந்தேகப்படவேண்டிய இடம் இது.

ஏன் தள்ளிப்போடக் கூடாது

காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த மடிப்பு வெப்பமாகும். நம் ஊர் வெயிலும், முழு பாரமும், வேகமும் சேர்ந்தால் டயரின் உள் அடுக்குகள் பிரியும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஏறக்குறைய 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஓடும்போதே மேல்பட்டை பிரிந்து, பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்புளோரர் கார்கள் கவிழ்ந்து, 200 பேருக்கு மேல் இறந்தார்கள். டயரின் குறைபாட்டோடு குறைந்த காற்றும் வெப்பமும் அந்த விசாரணைகளில் பேசப்பட்டன. அதன் பிறகுதான் காற்றழுத்த சென்சார் அங்கே சட்டமானது. அந்த விளக்கும் அழுத்தம் 25 சதவீதம் குறைந்தால்தான் கட்டாயம் எரியவேண்டும் என்பது விதி. அதற்கு முன்பு பார்ப்பது நம் வேலை.

தேடும் முறை

1. காலையில், வண்டி ஓடுவதற்கு முன் நான்கு டயரையும் கேஜில் பாருங்கள். எவ்வளவு இருக்கவேண்டும் என்பது டிரைவர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். அதன்படி நிரப்பித் தேதியோடு குறித்துவையுங்கள்.

2. ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் மறுபடியும் பாருங்கள். நான்கும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது இயல்பு. மழைக்காலக் குளிர்ச்சியாலும் குறையும். 10 டிகிரி வெப்பம் குறைந்தால் ஒன்றரை முதல் 2 பி.எஸ்.ஐ. வரை இறங்கும். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் கசிவு இருக்கிறது.

3. சோப்புத் தண்ணீரை முதலில் வால்வு வாயிலும் அடித்தண்டிலும் விடுங்கள். தண்டை லேசாக அசைத்துப் பாருங்கள். பிறகு மேல்பட்டை, பக்கச் சுவர், கடைசியாக ரிம் விளிம்பு முழுவதும் இரண்டு பக்கமும். சிறு கசிவில் குமிழ் வர ஒரு நிமிடம்கூட ஆகும், பொறுமையாகப் பாருங்கள்.

4. ஆணி தெரிந்தால் வீட்டில் பிடுங்காதீர்கள். சரியான அளவு காற்றடித்துக் கடைக்குப் போங்கள்.

5. எதுவும் தெரியாவிட்டால் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முழுதாக அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வால்வு என்றால் செலவு சொற்பம். ரிம் விளிம்பு என்றால் டயரை இறக்கி, துருவைச் சுரண்டித் துடைத்து மாட்டவேண்டும். டயரை இறக்கும்போது உள்ளே கரித்தூள் போல் கொட்டினால், காற்றுக் குறைவாக ஓடி உள்சுவர் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அந்த டயரை ஒட்டிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

ஒரு நல்ல கேஜ் வாங்கிக் காவலாளி அறையில் வைத்தால் எல்லா வீட்டுக்கும் பயன்படும். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசலாம். வெளிநாட்டில் இருப்பவர்களின் காரைப் பார்த்துக்கொள்ளும் உறவினர்கள், விமான நிலையத்துக்குக் கிளம்பும் நாளன்று பார்க்காமல் ஒரு வாரம் முன்பே நான்கு டயரையும் பார்த்துவிடுங்கள். ஸ்டெப்னி இருந்தால் அதையும் சேர்த்து.