ஒரு டோக்கன் கற்பித்த பாடம்



எங்கள் ரெங்கத்தின் வழியே செல்லும் கெமாஸ்–ஜொகூர் பாரு இருப்புப்பாதை 1909-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாக அது ஒற்றைத் தடமாகவே இருந்தது. எதிரெதிரே வரும் இரு வண்டிகள் ஒற்றைத் தடத்தில் மோதாமல் காப்பது எப்படி? இவ்வினாவுக்கான விடை, இன்றைய கணினி உலகின் ஒரு பெருஞ்சிக்கலையும் விளக்குகிறது.

1874-இல் இங்கிலாந்தின் நார்விச் நகருக்கருகே, அனுப்பியிருக்கக் கூடாத ஓர் அனுமதி தந்தியில் போய்விட்டது. அதனைத் திரும்பப் பெற முயல்வதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது. இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதி, 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இதன்பின் 1878-இல் எட்வர்ட் டயர் என்பார் ஒரு கருவியை உருவாக்கினார். தடத்தின் இரு முனை நிலையங்களிலும் ஒவ்வொரு பெட்டி. இரண்டையும் மின்கம்பி இணைக்கும். மறுமுனை அலுவலர் இசைந்தால்தான் இம்முனையில் டோக்கன் வெளிவரும். ஒன்று வெளிவந்தவுடன் இரு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அது மீண்டும் பெட்டிக்குள் சேரும்வரை இன்னொன்றை எடுக்க இயலாது. டோக்கன் இல்லாத ஓட்டுநர் வண்டியை நகர்த்தக் கூடாது.

2011-இல் தஞ்சோங் பகார் நிலையம் மூடப்படும்வரை, சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில் இம்முறை நீடித்தது. நிலைய அலுவலரும் ஓட்டுநரும் வளையத்தைக் கைமாற்றுவதை நானே சன்னல் வழியே கண்டிருக்கிறேன்.

சரியாக நூறாண்டுகள் கழித்து, 1978-இல், ஜிம் கிரே என்னும் கணினி அறிஞர் தரவுத்தளங்களுக்கான 'இருகட்ட உறுதி' முறையை விளக்கி எழுதினார். முதற்கட்டத்தில், "ஆயத்தமா?" என்று எல்லாக் கணினிகளையும் கேட்பது. அனைத்தும் "ஆம்" என்றால் மட்டுமே இரண்டாம் கட்டத்தில் "செய்க" என்பது. ஒன்று மறுத்தாலும் முழுவதும் கைவிடப்படும்.

இன்று 'பொருள்களின் இணையம்' என்னும் பெயரில் பம்புகளும் வால்வுகளும் உணரிகளும் தமக்குள் பேசிக்கொள்கின்றன. ஒரு நாற்றுப்பண்ணையில் வால்வு திறவாமல் பம்பு மட்டும் ஓடினால் குழாய் வெடிக்கலாம். ஆகவே இரண்டும் இசைய வேண்டும். இன்றேல் இரண்டும் ஓயவேண்டும்.

ஆனால் "ஆம்" என்ற கருவி, "செய்க" என்னும் ஆணை வருமுன் தொடர்பிழந்தால்? அது தானே முடிவெடுக்க இயலாமல் காத்திருக்கும். டோக்கன் பெட்டியும் அப்படித்தான்: கம்பி அறுந்தால் டோக்கன் வெளிவராது, வண்டி நிற்கும். தாமதம் இழப்புதான், மோதலோ அதனினும் பேரிழப்பு. மேலும், கணக்கேட்டில் எழுதியதை அழிக்கலாம். பாய்ந்த நீரை மீட்க இயலாது. எனவே கருவிகள் செயலுக்கு முன்பே இசைவு கேட்பது இன்றியமையாதது.

இன்று எங்கள் பாதை இரட்டைத் தடமாகிவிட்டது. எனினும் நம் மாணவர்கள் கருவிகளுக்குக் கட்டளை எழுதக் கற்கும் காலம் இது. "எப்படி இயக்குவது?" என்பதோடு, "மற்றது பதில் தராவிட்டால் என்ன செய்வது?" என்றும் கேட்கப் பழக்குவோம். 1874-இல் கேட்கப்படாமற்போன கேள்வி அதுவே!

சிந்திப்போம், செயல்படுவோம்.